வலை முடிச்சில் கட்டிய யப்பான் பூ

2003இல் கொழும்பிலிருந்து வந்த தங்கை ஒரு சஞ்சிகை தந்தாள். யப்பானில் துணியை நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பார்களாம். கட்டிய இடம் வெள்ளைப் பூவாக விரியுமாம். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. மகளின் திருவிழாச் சட்டைக்கு வாங்கிய வெள்ளைத் துணியையே எடுத்தேன். ஊர்காவற்றுறையில், மீன்பிடிக்கிற வீட்டில் நூலுக்கா பஞ்சம்? வலை நூலால், கிழிந்த வலை பொத்தும் முடிச்சையே போட்டு, நாற்பது இடத்தில் கட்டி நீலச் சாயத்தில் அவித்தேன்.

ஒரு முடிச்சும் அவிழவில்லை. கத்தரிக்கோலை வைத்தேன், முதல் வெட்டிலேயே துணியில் ஓட்டை விழுந்தது. திருவிழாவுக்கு மூன்றே நாள். அழுகை வந்துவிட்டது.

கடலால் வந்த கணவர் சிரித்தார். "தண்ணி பட்டால் இன்னும் இறுகும். கடலிலை அவிழக்கூடாதெண்டுதானே உந்த முடிச்சு!"

"இனி அவிழ்க்க ஏலாதோ?"

"ஏலும். கத்தரிக்கோலை அங்காலை வையும்."

சாக்கு ஊசியால் நெம்பி, ஒன்றை அவிழ்த்தார். நீலத்துக்குள் வெள்ளை வளையம் விரிந்தது. சாப்பிடக் கூப்பிட்டேன். "பொறும், அடுத்ததுக்குள்ளை என்ன இருக்கெண்டு பாப்பம்" என்றார். நாற்பதையும் அவிழ்த்துவிட்டுத்தான் எழுந்தார். ஓட்டையை மறைத்து ஒரு பொக்கற் தைத்தேன்.

இப்போது இழுத்தவுடன் கழலும் சுருக்குத்தான் போடுகிறேன். ஆனால் அவர் கரைக்கு வரும்வரை ஒரு நுனியையும் இழுக்க எனக்கு அனுமதியில்லை.