கோட்டுச்சேரியில நிக்குமா?

சென்ற வாரம் ஒரு சாயங்காலம். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் போகிற பஸ் ஒன்று புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. ஓடிப்போய் ஒரு காலைப் படியில் வைத்தேன். மறுகாலை வைப்பதற்கு முன்னால், எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"கோட்டுச்சேரியில நிக்குமா?"

"நிக்காதும்மா. அடுத்து தரங்கம்பாடிதான். இறங்குங்க, இறங்குங்க..."

இறங்கிவிட்டேன். இதில் அவமானம் ஒன்றும் கிடையாது. காரைக்காலுக்கு வடக்கே கொஞ்சம் வயல், கொஞ்சம் கடைகள் என்று இருக்கிற ஊர் எங்களுடையது. பெரிய பஸ்கள் பல எங்களைக் கண்டுகொள்வதில்லை. பஸ் எவ்வளவு பளபளப்பாக இருந்தால் என்ன, உள்ளே ஏ.சி. ஓடினால்தான் என்ன? எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான் — நிற்குமா, நிற்காதா?

பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தால் புர்கா அணிந்த ஒரு பெண், கையில் மருந்துக்கடைப் பையோடு.

"நானும் இப்பத்தாங்க அதே பஸ்ல ஏறி, அதே கேள்வியக் கேட்டு இறங்குனேன். நீங்க பேப்பர்ல எழுதுறவங்கதானே? போட்டோல இன்னும் கொஞ்சம் சின்னவங்களா இருக்கீங்க."

அந்தப் போட்டோ எப்போது எடுத்தது என்று நான் இங்கே சொல்வதாக இல்லை.

பெயர் ரஹ்மத். கணவர் துபாயில். இத்தனை வருஷம் குடும்பத்தோடு அங்கே இருந்துவிட்டு, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று இவர் மட்டும் பையனோடு ஊருக்கு வந்திருக்கிறார். வந்தது படிப்பு வருஷத்தின் நடுவில். ஏழாம் வகுப்புப் பையனை இப்போதைக்கு வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுக்கிறாராம்.

"அல்ஹம்துலில்லாஹ், புள்ள நல்லாத்தான் படிக்கிறான். இப்படியே வீட்ல படிச்சா பெரிய கிளாஸுக்கு எந்த சிலபஸ் எடுக்கறது? துபாய்லேர்ந்து எங்க மச்சான் தெனமும் ஒரு லிங்க் அனுப்புறாங்க. பாக்கப் பாக்க தலை சுத்துது. நீங்கதான் உங்க பொண்ண வீட்லயே படிக்க வெச்சீங்களே... எது நல்ல சிலபஸுங்க?"

அடடா, இந்தக் கேள்வி! இதை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஒரு கோடை முழுவதும் நடந்த கூத்து இருக்கிறதே...

வாராவாரம் படிப்பவர்களுக்கு என் மகள் இனியாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பில் அவளுக்குத் திங்கட்கிழமை வயிற்றுவலி வர ஆரம்பித்தது. வாந்தி, அழுகை, சில திங்கட்கிழமைகளில் காய்ச்சலும் கூட. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணும் இல்லம்மா. பள்ளிக்கூடத்துல ஏதாவது இருக்கான்னு பாருங்க" என்றார். இருந்தது. ரேங்க் வாரியாகக் குழந்தைகளை உட்காரவைக்கிற வகுப்பு அது. பேசிப் பார்த்தோம், பலனில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து வீட்டிலேயே படிக்கட்டும் என்று நிறுத்திவிட்டோம். அந்த முடிவு எடுத்த நாளில் எனக்கு இருந்த பயத்தை எழுதினால் இந்தப் பத்தி போதாது.

ஆறு, ஏழு, எட்டு சுலபமாகத்தான் போனது. கொஞ்சம் அரசாங்கப் பாடநூல், கொஞ்சம் நூலகம், கணக்குக்கு அவள் அப்பா, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நான். இருப்பதை வைத்துச் சமைக்கிற மாதிரி ஒரு படிப்பு. யாரும் பரீட்சை வைக்கவில்லை, யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு வாசலில் வந்து நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சையை யாராவது ஒருவருடைய குடையின் கீழ்தானே எழுத வேண்டும்? யாருடைய குடை?

முதலில் வந்தது வெளிநாட்டுப் பாடத்திட்டம். என் வீட்டுக்காரர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவர். சிக்கனமானவர். அவரே மயங்கிவிட்டார். "உலகம் பூரா செல்லும்" என்றார். நானும் லேசுப்பட்டவள் இல்லை... சொந்தக்காரர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வசனமே எழுதி வைத்துவிட்டேன். மாதிரிக்கு ஒரு புத்தகம் வந்தது. வழவழவென்று காகிதம், முகர்ந்து பார்த்தாலே பட்டம் வாங்கிவிடலாம் போல ஒரு வாசனை.

இனியா முதல் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். வீட்டு வாசலில் குவிந்த பனியை அள்ளிப் போடுவது எப்படி என்பது பற்றி. வெளியே கத்திரி வெயில், உள்ளே கரண்ட் இல்லை. எங்கள் ஊரில் பருவங்கள் மூன்று — வெயில், அதிக வெயில், புயல் எச்சரிக்கை. பனி அள்ளுவதை அந்தப் பெண் விசிறிக்கொண்டே படித்தாள்.

இரண்டாவது, செல்போனிலேயே எல்லாம் நடத்திவிடுகிற ஒரு கம்பெனி. பாடத்துக்கு நடுவே ஒரு கரடி வந்து கைதட்டும். "அம்மா, இந்தக் கரடிய நிறுத்த முடியாதா?" என்று அன்றே கேட்டுவிட்டாள்.

மூன்றாவது, வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுத அரசாங்கம் நடத்துகிற திறந்தநிலைப் பள்ளி. சாதாரண அட்டை, சாதாரண காகிதம். கரடி கிடையாது, வாசனை கிடையாது. என் வீட்டுக்காரர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "டுடோரியல்ல ரெண்டாவது தடவ எழுதுற பசங்களுக்கு உள்ளதுல்ல இது?" என்றார். பாதி ஊர் அப்படித்தான் நினைக்கிறது. அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆக, வெளிநாடுதான் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கடைசியாக ஒரு வீடியோ கால் மட்டும் பாக்கி. சென்னையிலிருந்து அந்தப் பாடத்திட்டத்தின் ஆலோசகர் பேசினார். தேன் குரல். இதைப் படித்தால் எந்தெந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நேராகப் போகலாம் என்று அவர் சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆலோசகர், "பாப்பாவுக்கு ஏதாவது டவுட் இருக்கா?" என்று கேட்டார். மரியாதைக்குத்தான் கேட்டிருப்பார்.

இனியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சார், இதுல பத்தாவது முடிச்சிட்டு, ப்ளஸ் ஒன் எங்க ஊர் ஸ்கூல்ல சேர முடியுமா?"

"ஏம்மா அங்க சேரணும்? எங்க ஸ்டூடன்ட்ஸ் யாரும் இப்படிக் கேட்டதே இல்லையே! நீங்க அப்படியே கன்டினியூ பண்ணி ஸ்ட்ரெய்ட்டா யூனிவர்சிட்டிக்கே போயிடலாம்."

"அது சரிங்க சார். கோட்டுச்சேரியில நிக்குமா, நிக்காதா?"

"சாரி... எங்க?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் பொறுமையாக விளக்கினாள். பெரிய பஸ் ரொம்ப தூரம் போகும்தான் சார், ஆனா நடுவுல எங்க ஊர் வந்தா இறங்க முடியுமான்னு ஏறுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கணும்ல, என்றாள்.

அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னார். சேரலாம், ஆனால் இரண்டும் சமம் என்று ஒரு சான்று வாங்க வேண்டும், அதற்கு நாள் ஆகலாம், கடைசியில் அந்தந்தப் பள்ளியின் இஷ்டம். பரீட்சை எழுத சென்னைக்கு வர வேண்டும். "உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார்.

நிற்காது. இதைத்தான் எங்கள் கண்டக்டர்கள் ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள்.

கால் முடிந்தது. எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மூன்று வருஷமாக, பள்ளிக்கூடம் போக ஆசைப்பட்ட குழந்தையையா வீட்டில் உட்கார வைத்திருந்தோம்?

அவள் அப்பாதான் கேட்டார். "உனக்குத் திரும்ப ஸ்கூல் போவணுமாம்மா?"

"தெரியலப்பா. இப்ப வேணாம். ஆனா போவணும்னு தோணிச்சுன்னா இறங்க முடியணும்ல?"

பாருங்கள், நாங்கள் இருவரும் எந்தப் பாடத்திட்டம் எவ்வளவு தூரம் போகும் என்றே பார்த்துக்கொண்டிருந்தோம். பயணம் போகிறவள் அவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு விசாரணையை அவளே எடுத்துக்கொண்டாள். கரடிக் கம்பெனிக்கு அதே கேள்வியை எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. பதிலுக்குத் தள்ளுபடி விளம்பரம் வந்தது. திறந்தநிலைப் பள்ளியின் மையத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தவர் போல.

"பத்தாவது பாஸ் சர்டிபிகேட் குடுப்போம்மா. அத வெச்சு ப்ளஸ் ஒன் சேரலாம். சயின்ஸ் குரூப் வேணும்னா இப்பவே கணக்கு, சயின்ஸ் ரெண்டும் எடுத்துக்க. அப்புறமா வந்து அழக் கூடாது. வேற என்ன?"

"வேற ஒண்ணும் இல்லைங்க சார்!"

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாளே ஒரு பார்வை... சாதாரண அட்டைப் புத்தகங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன.

ஊர் சும்மா இருக்குமா? குரும்பகரத்திலிருந்து என் நாத்தனார் வந்தார். நெல் அறுவடையிலிருந்து வீட்டுக் கல்யாணம் வரை எல்லாவற்றையும் முன்னே நின்று நடத்துகிறவர். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "ஏண்டி இனியா, இது ஃபெயிலான பசங்க எழுதுற பரீட்சையாமுல்ல?"

"ஆமாத்த. நான் ஃபெயிலாவாமயே எழுதப் போறேன்."

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் சீரியல் பார்ப்பது போல டிவியைப் பார்த்தேன். டிவி அணைந்திருந்தது. உள்ளுக்குள் நான் விசிலடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் படித்தாள். சொந்தமாகத் திட்டம் போட்டாள், புரியாத இடத்தில் எங்களைப் பிடித்து உலுக்கினாள், எங்களுக்கும் புரியாதபோது டவுனில் ஒரு டீச்சரைக் கண்டுபிடித்து அவளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். திங்கட்கிழமைகள் வந்தன, போயின. ஒரு மாத்திரைகூட வாங்கவில்லை. பத்தாவது தேறிவிட்டாள். மார்க்கைச் சொல்ல மாட்டேன், சொன்னால் பீற்றிக்கொள்கிறேன் என்பீர்கள். கணக்கில் வாங்கிய மார்க் நான் என் ஜென்மத்தில் பார்க்காதது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பீற்றிக்கொள்ளத்தான் செய்கிறேன், என்ன இப்போது?

இனி சொல்லப்போவது உங்களிடம் இதுவரை சொல்லாத செய்தி. ரிசல்ட் வந்த கையோடு அவள் சொன்னாள். "அம்மா, நான் இறங்கிக்கறேன்."

காரைக்கால் டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அப்பாவும் மகளும் போனார்கள். அங்கே சர்டிபிகேட்டைப் பார்த்தார்கள், சயின்ஸ் குரூப்பில் இடம் கொடுத்தார்கள். எந்தச் சான்றுக்கும் அலையவில்லை. "திங்கட்கிழமை வந்துடும்மா" என்றார்களாம்.

திங்கட்கிழமை! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அன்று காலை அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாட்டுக்கு இட்லி சாப்பிட்டாள். இன்னொரு இட்லி கேட்டாள்.

"பயமா இல்லையாடி?"

"கொஞ்சம் இருக்கு. ஆனா, அன்னிக்கு நீங்க அனுப்புனீங்க, இன்னிக்கு நான் போறேன். எப்ப வேணா இறங்கலாம்னு தெரிஞ்சதாலதாம்மா, இத்தனை நாளும் நிம்மதியா உக்காந்து வந்தேன்."

கை கழுவப் போனாள். நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் வயசில் எனக்கு இவ்வளவு தெளிவு இருந்ததா? கிடையவே கிடையாது.

நாத்தனார் போனில் கேட்டார். "அப்ப வீட்டுப் படிப்பு சரிப்படலன்னு சொல்லு!" நான் ஒன்று கேட்கிறேன். தன் ஊர் வந்ததும் இறங்குகிறவளைப் பார்த்து, பஸ் ரிப்பேர் என்று யாராவது சொல்வார்களா?

இதையெல்லாம் ரஹ்மத்திடம் சொல்லி முடித்தேன். "எந்த சிலபஸ் நல்லதுன்னு எனக்குத் தெரியாதுங்க. உங்க பையன் எங்க இறங்க ஆசப்படலாம்னு அவன்கிட்டயே மொதல்ல கேளுங்க. அப்புறம் லிங்க் அனுப்புன கம்பெனி எல்லாத்துக்கும் போன் போட்டு, அங்க நிக்குமான்னு கேளுங்க. சுத்தி வளைச்சுப் பேசுனா ஏறாதீங்க."

"அவன்கிட்ட நாங்க கேக்கவே இல்லீங்க..." என்றார் மெதுவாக. சொல்லிக்கொண்டே போனை எடுத்து வீட்டுக்கு அழைத்தார்.

நாங்கள் பேசிய பேச்சில், கோட்டுச்சேரியில் நிற்கிற பஸ் ஒன்று வந்து, நின்று, போயே போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டு, பஸ் ஸ்டாண்டு முழுக்க யூனிபார்ம். அந்தக் கூட்டத்தில் தோழிகளோடு சிரித்துக்கொண்டே வந்தாள் இனியா. பை ஒரு தோளில், பின்னல் பாதி அவிழ்ந்து. என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தெரியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோழிகள் முன்னால் அம்மாவோடு பேசினால் கௌரவம் என்ன ஆவது?

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பள்ளிக்கூட வாசலைப் பார்த்து வாந்தி எடுத்த குழந்தை இது. இன்று ஊரில் இருக்கிற எல்லாப் பெண் பிள்ளைகளையும் போல அம்மாவைக் கண்டு வெட்கப்படுகிறது. கடவுளே, இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்?

அடுத்த பஸ் வந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு அவள்தான் முதலில் ஓடினாள். ஒரு காலைப் படியில் வைத்து, நிமிர்ந்து கேட்டாள்.

"அண்ணே, கோட்டுச்சேரியில நிக்குமா?"

"நிக்கும், ஏறு ஏறு."

அவள் முன்வாசலில் ஏறினாள். நான் பின்வாசலில் ஏறிக்கொண்டேன் — தெரியாதவள் மாதிரியே.