நீதிபதியின் நாற்காலி

எல்லோருக்குமே அவள் அக்கா. தம்பி கூப்பிட்டதைக் கேட்டு அக்கம்பக்கத்தார் கூப்பிட்டார்கள். அவள் வேலை பார்த்த மருந்துக் கடைக்கு வரும் கிழவர்கள்கூட, அவளைவிட மூத்தவர்கள், "அக்கா, இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றுதான் கேட்பார்கள். அங்கே நின்றபடியே மாத்திரை எடுத்துக் கொடுத்து முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. வீட்டுக்கு வந்தாலும் நின்று செய்யும் வேலைகள்தான். அதில் ஒன்று, கூடத்து நாற்காலியைத் துடைப்பது.

கொள்ளுத்தாத்தா நீதிபதியாக இருந்தவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தீர்ப்பு எழுதினார் என்று அப்பா சொல்வார். சுவரில் தொங்கிய புகைப்படத்தில் அவர் அதன் முதுகில் கை வைத்து விறைப்பாக நின்றார். அதற்கு மேல் சாட்சி எதற்கு? அதில் யாரும் உட்காரக் கூடாது. பெண்கள் உட்கார்ந்தால் குடும்பத்துக்கே ஆகாது. துடைப்பதற்கு மட்டும் பெண்ணின் கை வேண்டியிருந்தது.

இப்போது வீடு கைமாறிவிட்டது. தம்பியும் அவன் மனைவியும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகிறார்கள். சின்ன வீடு. ஜன்னல் ஓரமாக ஒரு மூலைதான் மிச்சம். அங்கே அக்காவின் கட்டிலைப் போடலாம், அல்லது நாற்காலியை வைக்கலாம். தம்பி நாற்காலி என்றான். அக்கா வெளியூரில் சித்தி மகள் வீட்டோடு போய் இருந்துகொள்ளட்டும் என்று முடிவானது. அதை அவன் தன் வாயால் சொல்லவில்லை, மனைவியை விட்டுச் சொல்ல வைத்தான்.

"உங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும் அண்ணி" என்றாள் தம்பி மனைவி, தரையைப் பார்த்துக்கொண்டு.

அக்கா தலையாட்டினாள். சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டுமே! பழைய பெட்டியை இறக்கி, புடவைகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். எத்தனை மடித்தும் பெட்டி நிறையவில்லை.

புது வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் நாற்காலியின் மதிப்பை ஊரறியச் செய்ய வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. பழம்பொருள்களை மதிப்பிடும் அம்மாள் ஒருவரை வரவழைத்தான். அவர் நாற்காலியைக் கவிழ்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், கால்களைத் தடவினார். பிறகு யாராவது இதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். இந்த வீட்டில் அந்தத் தைரியம் யாருக்கும் வந்ததில்லை என்றான் தம்பி, பெருமையாக.

"வந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும் சார். ஒரு ஆம்பளை இதுல உட்கார்ந்தா முட்டி மூக்குல இடிக்கும்."

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். கால்களைக் குட்டையாக வைத்தது, பாதம் தரையில் படிந்து மடி சமமாக இருப்பதற்காக. பக்கத்தில் கைகள் இல்லாதது, பிள்ளையை அணைக்கும்போது முழங்கை இடிக்காமல் இருப்பதற்காக. இது குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கென்றே செய்த நாற்காலி. நீதிபதி தன் மனைவிக்காகச் செய்யச் சொல்லியிருப்பார். படம் எடுக்க வந்தவர் கைக்கு எட்டியதை இழுத்துப் போட்டிருப்பார். அருமையான வேலைப்பாடு, நல்ல விலைக்குப் போகும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

தம்பியின் முகம் செத்துப்போயிற்று. அவன் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"தீர்ப்பு எழுதின நாற்காலின்னீங்க. இப்பதான் முதல் தீர்ப்பே வந்திருக்கு."

அவன் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். பிறகு, அப்படியானால் அந்த மூலை காலிதான், அக்கா கட்டிலைப் போட்டுக்கொள்ளலாம் என்றான்.

அக்காவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் மெல்ல வந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் தரையில் அழகாகப் படிந்தன. மடி சமமாக விரிந்தது. வாழ்நாளில் ஒரு பிள்ளையைப் பெறாத மடி.

"அம்மா போனப்ப உனக்குத் தலைகூட நிக்கலடா. நான் பள்ளிக்கூடத்தை விட்டுட்டு வந்தேன். நீ அழுறப்பல்லாம் புட்டிப்பாலை வச்சுக்கிட்டு இந்தச் சுவத்துல சாஞ்சு தரையிலதான் உட்காருவேன். கை மரத்துப்போகும். இடுப்பு விட்டுப்போகும்." நாற்காலியின் விளிம்பைத் தடவினாள். "இது பக்கத்துலயேதான் இருந்துச்சு."

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாற்காலி எங்கே வேண்டுமானாலும் போகட்டும், நீ எங்களோடு வந்துவிடு அக்கா என்றான்.

"வர்றேன். இது மவுசு இழந்ததாலதான் எனக்கு இடம் கெடச்சுதுன்னு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் வர்றேன். ரோஷப்பட்டுக்கிட்டு இந்த வயசுல எங்கடா போவேன்?" கண்ணை மூடிக்கொண்டாள். "சித்தி மகளுக்கு நீயே போன் போட்டு நான் வரலன்னு சொல்லு. பொண்டாட்டிய விட்டுச் சொல்லாத."

அவன் அங்கேயே, அவள் காலடியிலேயே உட்கார்ந்து எண்ணை அழுத்தினான். மறுமுனையில் சித்தி மகள் ஏன், என்ன ஆயிற்று என்று விடாமல் கேட்டாள். அவன் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.