கன்னியம்மாவின் கூந்தலைத் தொட்டது

கன்னியம்மா எண்ணெய் வைத்து, இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டுதான் ஷெட்டுக்குள் நுழைவாள். சற்று நேரத்தில் நெற்றியோர மயிர்கள் ஒவ்வொன்றாக எழும். காற்று இருக்காது. யாரோ பொறுமையாகப் பிடித்து இழுப்பதுபோல அவை பிளாஸ்டிக்கை நோக்கி நீளும்.

மாடம்பாக்கம் சாலையில் இருந்த அந்த ஷெட்டில் 1988இல் பிளாஸ்டிக் பை செய்தார்கள். உருகிய பிளாஸ்டிக்கைக் காற்றூதிக் கூரைவரை வெள்ளைக் குழாயாக எழுப்புவார்கள். அதற்குப் பலூன் என்று பெயர். நடுங்கிக்கொண்டே நிற்கும். மேலே தட்டையாகி இறங்கிவரும் பிலிமை உருளையில் சுற்றுவது கன்னியம்மாவின் வேலை.

முந்தைய ஆண்டுவரை அதைச் செய்தவன் அவள் கணவன் ரத்தினம். அச்சு மையைக் கரைக்கும் தின்னர் தீப்பிடித்து, அதே உருளையருகே கருகிச் செத்தான். பீடி பற்றவைத்தான் என்றார் முதலாளி ராஜகோபால். ரத்தினம் பீடி குடித்து யாரும் பார்த்ததில்லை. போலீஸ் முதலாளி சொன்னதையே எழுதிக்கொண்டது.

ஆகவே அவள் மயிரைப் பிடித்து இழுக்கும் கை யாருடையது என்பதில் ஷெட்டில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. கன்னியம்மாவுக்கும்தான். வெளிச்சம் மங்கும்போது பிலிமுக்கும் அவள் விரலுக்கும் நடுவே நீலமாக ஏதோ துடிக்கும். சுருக்கென்று வலிக்கும்.

"இன்னா அவசரம்? தோ வந்துகினேதான கீறேன்," என்று முணுமுணுப்பாள்.

மற்றப் பெண்கள் அவளருகே நிற்க மறுத்தார்கள். பேயை ஓட்டாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை என்று ரத்தினத்தின் அண்ணன் சிட்டிபாபுவிடம் சொல்லிவிட்டார் ராஜகோபால். வெள்ளிக்கிழமை பூசாரி வருவார். அவளது உச்சிமயிரை ஆணியில் சுற்றிப் புளியமரத்தில் அறைந்து அறுத்துவிடுவார். சிட்டிபாபு சாண் நீள ஆணியே வாங்கி வந்துவிட்டான்.

"வலிக்காது கன்னிமா. ஒரே இழுப்பு."

"உன் தலையில அடிச்சிக்க மாமா. உள்ள ஒண்ணும் இல்ல, சுளுவா எறங்கும்."

சொன்னாளே தவிர, அவள் கை கொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரம்தான் சிட்லபாக்கத்திலிருந்து ஸ்ரீரங்கன் என்ற எஞ்சினியர் வந்துபோய்க்கொண்டிருந்தார். எலெக்ட்ரானிக் சாமான் செய்யும் கம்பெனி ஒன்று கறுப்புப் பை கேட்டிருந்தது. மாவைவிட மிக மிக நுண்ணிய புகைக்கரியைப் பிளாஸ்டிக்கில் கலக்க வேண்டும். கரி குறைந்தால் பயனில்லை. கூடினால் பை அப்பளமாக நொறுங்கும். கிழிசலை அரைத்து மறுபடி உருக்கினாலும் வலு போகக்கூடாது. பலூன்கள் வெடித்துக்கொண்டே இருந்தன. வியாழக்கிழமை ஒன்று நின்றது, கரிய தூணாக, கூரையின் இருட்டில் நுனி தெரியாமல்.

கன்னியம்மா அருகே போனாள். மயிர் எழவில்லை. நீலம் துடிக்கவில்லை.

"இன்னா, கோவமா?" என்று அந்தக் கறுப்பிடம் கேட்டாள்.

ராஜகோபால் கைதட்டினார். "பாத்தீங்களா சார்? திருஷ்டிப் பொட்டு மாதிரி! கறுப்பைக் கண்டா பேய் ஓடுது!"

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஸ்டாடிக் கரண்ட்," என்றார் ஸ்ரீரங்கன். "பிலிம் உருளையில உரசி உரசிச் சேருது. வெள்ளை பிளாஸ்டிக்ல அதுக்குப் போக வழி கிடையாது. இதுல கரித்துகள் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு இருக்கு, அது வழியா இறங்கிடுது. மெஷினுக்கு எர்த் கம்பிகூட இல்லையே! பக்கத்துல தின்னர் வேற. ஒரு பொறி போதும் சார்."

மெஷின் முனகிக்கொண்டிருந்தது. ஓராண்டாக ஆசையோடு நீட்டிய விரல்களைக் கன்னியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என்னைத் தொட்டது அவரு இல்ல," என்றாள். "அவரைக் கொன்னது."

ராஜகோபால் வேறு பேச்சு எடுத்தார். அவருக்குப் பேய் ஒரு வசதி. பேய் இருக்கும்வரை எர்த் கம்பியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பூசாரி வருவதற்கு முன்பே சிட்டிபாபு ஆணியோடு வந்தான். அவள் அதைப் பிடுங்கி, ஷெட்டுக்குப் பின்னால் குழாயடி ஈரமண்ணில் ஊன்றினாள்.

"இங்க அடி மாமா."

மெஷினிலிருந்து அந்த ஆணிக்குக் கம்பி இழுத்து, பிலிமுக்கு எதிரே செம்பு இழைகளைக் குஞ்சமாகத் தொங்கவிட்டார் ஸ்ரீரங்கன். வெள்ளைப் பலூன் மறுபடி எழுந்தது. எல்லோரும் அவள் தலையையே பார்த்தார்கள். ஒரு மயிரும் அசையவில்லை.

"எங்க வூட்டுக்காரரு பீடி குடிக்கமாட்டாரு சார்," என்றாள் முதலாளியிடம்.

மறுநாள் காலையிலும் வணக்கத்துக்குப் பதில் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாளும். எர்த் கம்பி இல்லாததற்கு எஞ்சினியர் சாட்சியாக இருந்ததால் அவளை வெளியேற்ற ராஜகோபாலுக்குத் துணிவு வரவில்லை. தொண்ணூற்றேழில் ஷெட்டை மூடும்வரை அவள் அங்கேதான் பிலிம் சுற்றினாள். அதற்கு வெகு முன்பே ராஜகோபால் காலையில் ஷெட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தார்.