அட்டையில் மூன்று பேர்

அச்சகத்தில் அவளுக்குச் சந்தேகம் அக்கா என்று பெயர். பத்தொன்பது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறாள். மருந்துப்பெட்டியோ பாடப்புத்தகமோ, எது வந்தாலும் முதலில் எழுத்தை நம்பமாட்டாள், பிறகு எழுதியவரை. 'மற்றும் குழுவினர்' என்று கண்டால் பேனா அங்கேயே நின்றுவிடும். அவளுடைய அப்பா பாடிய ஒரே இசைத்தட்டில் அவர் அந்தக் குழுவினருக்குள்தான் அடங்கிப்போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜாஸ் இசைத்தட்டு ஒன்றின் அட்டை மெய்ப்புக்கு வந்தது. ஆர்கன், கிடார், டிரம்ஸ் என்று மூன்றே பேர். வரிகள் இல்லாத எட்டுப் பாட்டு. எட்டையும் இயற்றியவர் ஆர்கன்காரர் என்று போட்டிருந்தது. அட்டையில் இருந்த நிமிடங்கள் சரியா என்று பார்க்க, மாதிரித் தட்டை மேலாளர் அறையில் ஓடவிட்டாள். இரண்டாவது பாட்டிலேயே அவள் முகம் மாறியது. ஆர்கன்காரரின் இரண்டு கைகளும் மேல் சுரங்களில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது கேட்டது. அப்படியும் அடியில் கனமாக ஒரு பேஸ், தாழ்ந்த சுரங்களின் வரிசை, நடந்துகொண்டே இருந்தது.

"நாலாவதா ஒரு ஆள் இருக்கான். பேரை முழுங்கிட்டாங்க" என்றாள்.

"நமக்கு எதுக்கும்மா வம்பு? கொடுத்ததை அடிச்சுக் கொடுப்போம்" என்றார் மேலாளர்.

"கேட்டுட்டு வந்துடறேன்."

மதியமே மெய்ப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். டயர் கடைக்கு மேலே ஒரு அறையில் அவர்கள் ஒத்திகை செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் மூன்று ஜோடி செருப்பு. உள்ளே நான்கு நாற்காலி. நான்காவதில் ஒரு கோட்டு கிடந்தது.

"இது யாருது?"

"என்னோடதுதான். மழை வந்தா போட்டுக்க" என்றார் டிரம்ஸ்காரர். ஆர்கன்காரருக்கு அவர் மச்சான்.

அவள் வந்த காரணத்தைக் கேட்டதும் ஆர்கன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் காலுறையோடு உட்கார்ந்து, கீழே வரிசையாக இருந்த மரப்பெடல்களை மிதித்தார். அதே கனமான பேஸ் எழுந்து ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது.

"நாலாவது ஆளு என் காலுதாங்க."

அவள் குனிந்து ஆர்கனுக்கு அடியில் வேறு ஒயர் ஏதும் போகிறதா என்று பார்த்தாள். ஒன்றுமில்லை. அசடு வழிய நிமிர்ந்தபோது, கிடார்காரர் மட்டும் சிரிக்காததைக் கவனித்தாள். அவர் முன்னால் ஐந்தாவது பாட்டின் சுரத்தாள் இருந்தது. ஏகப்பட்ட அடித்தல், திருத்தல், ஓரத்தில் மறுபடி எழுதியது. இன்னொன்றைப் பார்த்து எழுதுகிறவன் இத்தனை முறை அடிக்கமாட்டான் என்பது அவள் தொழில் சொல்லிக்கொடுத்த விஷயம்.

"இது யார் போட்ட பாட்டு?"

கிடார்காரர் தந்தியை முறுக்கிக்கொண்டே, "விடுங்கக்கா. எங்களுக்குள்ள எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

"ஒண்ணுன்னா மூணு பேரையும் போட்டிருக்கலாமே."

ஆர்கன்காரர் மெய்ப்பை வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஐந்தாவது பாட்டில் தன் பெயரை அடித்தார், கிடார்காரர் பெயரை எழுதினார், பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். காதுமடல் சிவந்திருந்தது. அச்சகத்துக்குத் திரும்பியதும், அவர் ஆர்டர் கொடுத்தபோது நிரப்பிய படிவத்தை எடுத்து வைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டாள். அவருடையதுதான். இவ்வளவு சுலபமாக ஏன் போட்டார் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

திருத்திய அட்டையோடு இசைத்தட்டு வெளிவந்தது. அதிலிருந்து எட்டாம் மாதம் கிடார்காரர் குழுவை விட்டு விலகிவிட்டார். சுவரொட்டி அடிக்க வந்த டிரம்ஸ்கார மச்சானிடம் அவள் காரணம் கேட்டாள்.

"அவங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப நாளாவே ஒத்துவரலக்கா" என்றார் அவர்.

அவள் நம்பவில்லை. கிடார்காரருக்கே போன் செய்தாள். "வேற ஊர்ல வேலை கெடைச்சுது, அவ்வளவுதான்" என்றார். அதையும் நம்பவில்லை.

அன்று மாலை வீட்டில் துணி மடித்துக்கொண்டே ஐந்தாவது பாட்டை மூன்று முறை கேட்டாள்.

"நல்லாத்தானே இருக்கு, ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்க?" என்றார் கணவர்.

"நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா இவங்க இன்னும் ஒண்ணா வாசிச்சிட்டு இருப்பாங்களோ என்னவோ."

"அப்ப பேரு தப்பா இருந்திருக்கும்."

அவள் நான்காவது முறையாகப் பாட்டைப் போட்டாள்.