எழுப்பாமல் கடந்த ஊர்

என் மனைவி பார்க்க வேண்டும் என்று கேட்ட ஒரே ஊரை, அவள் காரில் தூங்கிக்கொண்டிருந்தபோது, எழுப்பாமல் தாண்டிப் போகச் சொன்னவன் நான். மறதியில் நடந்ததல்ல, தெரிந்தே செய்தேன். அவள் விழித்ததும் பொய்யும் சொன்னேன்.

எங்கள் மகள் அயர்லாந்தில், கார்க் நகரத்தில் வேலை செய்கிறாள். இரண்டு வருடங்களுக்கு முன் நாங்கள் அங்கே போயிருந்தபோது மூன்று நாள் விடுப்பு எடுத்து, கடலோரச் சிற்றூர்களைக் காட்ட அவளே காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். அந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு நிறம் மாறும். ஒன்று கத்தரிப்பூ நிறம், அடுத்தது மஞ்சள், அதை ஒட்டிக் கிளிப்பச்சைச் சுவரில் சிவப்புக் கதவு. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் முப்பத்தொரு வருடம் ஒரே வெளிர்மஞ்சள் சுவர்களுக்கு நடுவே இருந்தவள் என் மனைவி. மகள் அனுப்பிய படங்களில் ஒன்றைக் காட்டி, "இந்த ஊர்ல மட்டும் ஒரு மணி நேரம் சும்மா உக்காரணும்" என்றாள். அந்த ஊரின் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. அதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்கவில்லை.

நான் ஒன்பது ஊர் கேட்டேன். குவார்ட்டர்ஸ்காரர்களை வருடாவருடம் கும்பகோணம் பக்கம் நவக்கிரகக் கோயில்களுக்கு வேனில் அழைத்துப் போனவன் நான். ஒன்பது கோயிலும் ஒரே நாளில். மத்தியானம் நடை சாத்துவதற்குள் ஐந்தை முடித்தாக வேண்டும். ஒவ்வொரு கோபுர வாசலிலும் விசில் ஊதி ஆட்களை ஏற்றுவேன். ஒரு வருடம்கூட ஒரு கோயிலும் விட்டுப்போனதில்லை என்கிற கர்வம் எனக்கு உண்டு. அதே பழக்கத்தில் ஒரு தாளில் கட்டம் போட்டு, ஊருக்கு இருபத்தைந்து நிமிடம் என்று எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

முதல் நாள் கின்சேல் என்ற ஊரில் ஒரு நீலக் கடையின் முன்னால் நின்றுவிட்டாள். "போதும், ஏறு" என்றேன்.

"ஏங்க, இங்க எந்த சாமிக்கு நடை சாத்தறாங்க?"

மகள் சிரித்தாள். "அப்பா, இது லீவுப்பா. டூட்டி இல்ல."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. குறுகலான ரோடு; எதிரே டிராக்டர் வந்தால் நாங்கள் பின்னுக்குப் போக வேண்டும். ஆட்டு மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மகளோ டீ குடிக்க நிறுத்தினால் அரை மணி நேரம் எழுந்திருப்பதில்லை. என் தாள் ஒவ்வொரு கட்டமாகக் கெட்டுக்கொண்டே வந்தது.

மூன்றாம் நாள் இரண்டு மணி நேரம் பின்தங்கியிருந்தோம். வளைவுகளில் தலை சுற்றுகிறது என்று மனைவி மாத்திரை போட்டுக்கொண்டு, "ஊர் வந்ததும் எழுப்புங்க" என்று, மகள் டீக்குக் காசு கொடுக்கப் போயிருந்தபோது, என்னிடம் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் படுத்தாள். ஊர் வந்தது. மகள் வேகத்தைக் குறைத்தாள்.

"அம்மாவ எழுப்பவா?"

"வேணாம்மா. முழங்கால் வலி. வேணாம்னு அவளே சொல்லிட்டா."

இரண்டு பக்கமும் அத்தனை நிறங்களும் இரண்டே நிமிடத்தில் முடிந்துபோயின.

அரை மணி கழித்து, மகள் பெட்ரோல் போட இறங்கிய நேரத்தில், மனைவி கண் விழித்தாள். "வந்துருச்சா?"

"தாண்டியாச்சு. ஒரே மழை, ஒண்ணும் தெரியல. எழுப்பினேன், நீதான் எந்திரிக்கல."

அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ரோடு காய்ந்து கிடந்தது. அன்று ஒன்பதாவது ஊரையும் எட்டிவிட்டோம். அங்கே என்ன பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் போனில் மகள் கேட்டாள்: "முழங்கால் எப்படிம்மா இருக்கு? அதனாலதானே அன்னிக்கு அங்க இறங்கல?" மனைவி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "இப்ப பரவால்லம்மா" என்றாள். பெற்ற மகளிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பரிகாரம் என்று நினைத்து ஒன்று செய்தேன். அவள் திருநின்றவூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், கோவில்பதாகையில் உள்ள எங்கள் வீட்டுக்கு அந்தப் படத்தில் இருந்த நிறங்களையே அடிக்கச் சொன்னேன்.

"இன்னா சார், ஊடா இது, எல்கேஜி இஸ்கூலா?" என்றார் பெயின்டர். "ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ரோஸு. அம்மா பாத்தா உன்ன உள்ள உடுமா?"

மனைவி ஆட்டோவிலிருந்து இறங்கி, பையைக் கீழே வைக்காமல் பார்த்தாள். "நான் கலரையா கேட்டேன்? உக்காரணும்னுதானே கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுவாரம் யாரோ ஒருத்தி தன் குழந்தையோடு வந்து, அட்மிஷன் எப்போது என்று கேட்டாள். அவளுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பின் மகளுக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அம்மா மட்டும் வரட்டும்ப்பா" என்றாள். சரி என்றேன். இந்த வருடம் மனைவியை விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பூந்தமல்லியில் வண்டிகள் நகராமல் நின்ற அத்தனை நேரமும் மன்னிப்புக் கேட்கலாமென்று வாயெடுத்தேன். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

அந்த ஊரில் மூன்று நாள் தங்கினார்கள் என்று மகள் சொன்னாள். வீடியோவில் மனைவி வந்தபோது, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "வந்து சொல்றேன்" என்றாள்.

வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. தக்காளி விலை, அக்காவின் சர்க்கரை, தண்ணீர் மோட்டார் என எல்லாம் பேசுகிறாள். அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேற்று சாப்பிடும்போது பொறுக்க முடியாமல் மறுபடி கேட்டேன்.

"அத நானே வெச்சுக்கறேங்க" என்று சொல்லி, என் தட்டில் ரசம் ஊற்றினாள்.