தறிக்கூடத்துப் பேச்சு

எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. உப்பை எடு என்று சொன்னாலே தெருமுனைவரை கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் குடும்பச் சண்டையாக்கும் என்று எட்டிப் பார்ப்பார்கள். எல்லாம் என் மாமியார் கொடுத்த சொத்து. தொண்ணூற்றொரு வயதில், போன மாதம் கண்ணை மூடினார். வாழ்ந்தால் அப்படி வாழ வேண்டும்.

அத்தை நெசவு மில்லில் தறி ஓட்டியவர்; அந்த இரைச்சலில் பழகிய தொண்டை. மாமா போனபோது கடைசிப் பிள்ளைக்குப் பல்கூட முளைக்கவில்லை. ஒற்றை ஆளாக நின்று மூன்று பிள்ளைகளையும் கரையேற்றினார். அந்தத் தறிக்கூடத்துக்கு முதல் பெண் மேற்பார்வையாளரும் அவர்தான். "பொம்பளைக்குக் கீழ வேலையா?" என்று முணுமுணுத்த ஆண்களே, பிறகு தங்கள் வீட்டு வழக்கையெல்லாம் அவரிடம் பஞ்சாயத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தறி ஓடும் சத்தத்தில் காதருகே கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே கைதான் வாய். அந்தப் பேச்சை அத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டினால், நூல் அறுந்துவிட்டது, தறியை நிறுத்து என்று அர்த்தம். வீட்டில் அதுவே, சண்டை போதும், வாயை மூடு என்று ஆனது. நான் மருமகளாக வந்த முதல் வாரம், கணவரோடு மல்லுக்கு நின்றபோது அத்தை என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். நாக்கை அறுத்துவிடுவேன் என்கிறார் போலிருக்கிறது என்று பயந்து பெட்டியைக் கட்டிவிட்டேன்.

வயிற்றைத் தட்டினால் பசிக்கிறது என்று பொருள். நாத்தனாரைப் பார்க்க வந்த மாப்பிள்ளை, வயிறு நிறைந்துவிட்டது என்று காட்டத் தட்டினார், பாவம். அத்தை மறுபடி பரிமாறினார். அவர் மறுபடி தட்டினார். மூன்றாம் முறை அவருக்கு வேர்த்துக் கொட்டியது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாப்பிட்டு எழுந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

இன்னொரு சைகை உண்டு. தன் நெஞ்சைத் தொட்டு, எதிரே நிற்பவரை நோக்கி விரலை நீட்டுவது. 'நான் வெளியே போகிறேன், என் தறியையும் நீ பார்த்துக்கொள்.' நம்பிக்கையான ஆளுக்கு மட்டும்தான் அதைக் காட்டுவார்களாம். வீட்டில் அத்தை யாருக்கும் காட்டி நான் பார்த்ததில்லை. வெளியே கிளம்பினால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். எனக்கு உள்ளூர எரியும். இத்தனை வருடம் குப்பை கொட்டியும் என்மேல் நம்பிக்கை வரவில்லையா?

எட்டு வருடத்துக்கு முன்னால் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை கால் விழுந்தன, பேச்சும் போனது. "ஆளைத் தெரியுதான்னு இப்ப சொல்ல முடியாது" என்று டாக்டர் கையை விரித்தார். கட்டிலைச் சுற்றி நின்றே பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். முதியோர் இல்லத்தில் சேர்த்தால் நர்ஸ் இருப்பார்கள் என்றார் கொழுந்தன். நாத்தனார் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

"நம்ம வீட்டுக்குத்தான் திரும்பி வரணும். நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"உனக்கே முட்டிவலி. நாலு நாள்ல முழி பிதுங்கிடும்" என்றார் என் கணவர்.

"எங்க இருந்தா என்ன அண்ணி, அம்மாவுக்கு ஒண்ணும் தெரியப் போறதில்லையே" என்றார் கொழுந்தன்.

வந்ததே எனக்குக் கோபம். "தெரியலைன்னு உங்ககிட்ட வந்து சொன்னாங்களா?" என்று கத்தினேன். அவர்களும் பதிலுக்குக் கத்தினார்கள். வார்டே திரும்பிப் பார்த்தது.

போர்வைக்கு வெளியே கிடந்த இடது கை அசைந்தது. இரண்டு விரல்கள் கத்தரிபோல் ஆடின. நரைத்த தலையோடு நின்ற பிள்ளைகள் மூவரும் கப்சிப். அத்தை இருக்கிறார், முழுசாக இருக்கிறார்.

அந்தக் கை மெல்ல ஊர்ந்து நெஞ்சைத் தொட்டது. பிறகு விரல் நீண்டது. மகன்கள் இருவரையும் தாண்டி, மகளையும் தாண்டி, என்மேல் வந்து நின்றது.

"பார்த்துக்கறேன் அத்தை" என்றேன். சத்தமே வரவில்லை. அவர் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அப்புறம் வயிற்றைத் தட்டினார்.

"பசிக்குதாம்" என்று சொல்லிவிட்டு, கொழுந்தன் கண்ணைத் துடைத்தபடி நர்ஸைத் தேடி ஓடினார்.

அதன்பின்னும் எட்டு வருடம் அத்தை என் வீட்டில்தான் இருந்தார், ஒற்றைக் கையால் எங்கள் எல்லோரையும் அதட்டிக்கொண்டு.