இருபத்துநாலு அங்குலக் கட்டிலும் என் வேன் வீடும்

இது இப்படித்தான் ஆகும் என்று வண்டி வாங்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். அருள்புரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்கத்தான் ஆளில்லை. வேனுக்குள் வீடு கட்டி ஊர் சுற்ற நினைப்பவர்களே, எட்டாவதோடு நின்றவன் எழுதுவது என்று தள்ளிவிடாதீர்கள். பனியன் கம்பெனியில் இருபது வருடக் கட்டிங் மாஸ்டர் நான். என் கத்திரி வேகத்தைப் பார்த்து மயங்கிய ஜெர்மன்காரர் ஒருவர் தன் மோட்டார் ஹோம் போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பிடித்த ஆசை: என் மனைவி சரசுவோடு கன்னியாகுமரி வரை போய்விட வேண்டும்.

முதலில் நீளம். பெருமாநல்லூரில் பழைய பஸ் ஒன்று விலைக்கு வந்தது. அதைச் சந்தில் திருப்புவதற்குள் பின்னால் அரை ஊர் கூடி ஹார்ன் அடித்தது. வேண்டாம். வேன்தான் சரி. உள்ளே நீளம் பத்தடி, அகலம் ஐந்தரை. டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சீட்டு, பின்கதவை ஒட்டி அடுப்பு, நடுவே ஜன்னலோரம் நீளவாக்கில் ஆறடிக் கட்டில். பிளான் முழுக்க என் மூளை.

அகலத்தில்தான் சறுக்கல். பனியனை மேஜையில் விரித்துப் போட்டு அளப்பதால், நாங்கள் நெஞ்சளவில் பாதியைத்தான் எழுதுவோம். இருபது என்றால் சுற்றளவு நாற்பது. கைப்பழக்கத்தில் கட்டிலுக்கும் இருபத்துநாலு அங்குலம் என்று பாதியை எழுதிவிட்டேன். ஆசாரி அப்படியே அறுத்து வைத்துவிட்டார்.

அந்தக் கட்டிலோடுதான் 2007 தீபாவளி லீவில் வெள்ளோட்டம். காலை ஆறரைக்குக் கிளம்பி, பல்லடம், உடுமலை வழியாக ஒன்பது மணிக்குக் கொமரலிங்கம். மீட்டரில் எழுபத்திரண்டு கிலோமீட்டர், டீசல் முந்நூறு ரூபாய். வழியில் மந்திரி வண்டி என்று நினைத்து நூறு பேராவது கும்பிட்டிருப்பார்கள்.

அமராவதிக் கரையில் வண்டியை நிறுத்தினோம். சரசு கட்டிலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது கட்டலா, பஸ் ஸ்டாண்டு பெஞ்சா? ஒருத்தரு படுத்தா இன்னொருத்தரு தொங்கோணுமாட்ட இருக்குதுங்க."

டிரைவர் செல்லமுத்து வேறு கணக்குப் போட்டார். "ஒருத்தருக்கு இது தாராளமுங்ணா. மிச்ச எடத்துல பிரிட்ஜே வெக்கலாமுங்க."

"பிரிட்ஜ வெச்சுட்டு அதுகூடப் பேசிட்டா போறது? ரெண்டு பேரு படுக்கோணுமப்பா!" என்றேன்.

மதியம் நெல்வயல் காற்று வந்தது. கட்டிலைச் சரசுவுக்கு விட்டுவிட்டு, பக்கத்து நடைவழியில் பாய் விரித்துப் படுத்தேன்.

என் முடிவு: தம்பதிகள் கட்டில் அகலத்தை நாலடிக்குக் கீழே குறைக்காதீர்கள். நடைவழி ஒன்றரை அடியாகும். பக்கவாட்டில் நடங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. ஜன்னல் தலைமாட்டில் இருக்கட்டும்.

இவ்வளவு எழுதியபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது. சரசு வண்டியில் வரவில்லை. மகள் பிரசவத்துக்கு மஸ்கட் போனவள். மூன்று மாதம் என்றாள், இப்போது இரண்டாவது பேத்தி தவழ்கிறாள். பெஞ்சு என்று அவள் கேலி செய்தது போனில், நான் அளவைச் சொன்னபோது. தரையில் நான் படுத்தது மட்டும் நிஜம்.

"கட்டல் சும்மாதானுங்ணா கெடக்குது, மேல படுக்கலாமில்லீங்க?" என்றார் செல்லமுத்து. முதுகுக்குத் தரைதான் நல்லது என்று டாக்டர் கணக்காக விளக்கினேன்.

ஆசாரிக்கு இந்த முறை முழு அளவையே எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்பத்தெட்டு.